காலிக் கண்ணாடி ஜாடிகளில் வீட்டுப் பொருட்கள்: கண்ணாடியை விடுங்கள், மூடியில் வேலை செய்யுங்கள்

பதிவு 1 | மூடித்திருகி

காலி ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஏதாவது செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் பலரும் முதலில் கை வைப்பது கண்ணாடியில்தான். அறுக்கப் பார்க்கிறார்கள், துளைக்கப் பார்க்கிறார்கள், கடைசியில் உடைகிறது. அன்றாடம் பயன்படுகிற பொருட்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணாடியைத் தொடவே வேண்டியதில்லை. மூடியில் செய்தால் போதும். மூடி கெட்டால் வேறு மூடி எடுத்துக்கொள்ளலாம். ஜாடி கெட்டால் கை கிழியும். அந்த வழியில் செய்யக்கூடியவற்றை அளவோடு இங்கே எழுதிச் சேர்ப்போம்.

ஜாடியைத் தேர்வதிலிருந்து தொடங்குகிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். அடிப்பகுதி உடலோடு சேரும் வளைவில் பிறை போல ஒரு கோடு மின்னி, ஜாடியைத் திருப்பியதும் மறைந்தால் அது உள்விரிசல். வாய் விளிம்பில் நகத்தை ஒரு சுற்று ஓட்டுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த ஜாடியை ஒதுக்கிவிடுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விரிசல், மூடியை இறுக்கும்போதோ வெந்நீர் பட்டபோதோ ஓடிவிடும்.

கடையில் பண்டம் அடைத்து வரும் ஜாடிகள் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. சுமார் 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, மீதி சோடாவும் சுண்ணாம்பும். சோதனைச்சாலைக் குடுவைகளுக்குப் பயன்படும் போரோசிலிக்கேட்டை விட இது வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். அதனால் சடாரென்று 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்ப வேறுபாடு ஏற்பட்டாலே ஆபத்துதான். குளிர்ந்த ஜாடியில் கொதிநீர் ஊற்றினால் அடித்தட்டு வட்டமாகக் கழன்று விழுவது இதனால்தான். வெந்நீர் வேண்டுமென்றால் முதலில் வெதுவெதுப்பான நீரில் ஜாடியை ஐந்து நிமிடம் கிடத்தி, பிறகு படிப்படியாகச் சூட்டைக் கூட்டுங்கள்.

மூடி இரண்டு வகை. ஒன்று, மரை முழுச் சுற்றாக ஓடும் மூடி. இன்னொன்று, கால் திருப்பில் பூட்டிக்கொள்ளும் தகர மூடி. இரண்டாவதன் உள்விளிம்பில் சிறு காதுகள் மடங்கியிருக்கும். இந்தக் காதுமூடிகள் 63, 70, 82 மி.மீ. என்று நிர்ணயித்த அளவுகளில் வருவதால், ஒரு ஜாடியின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு. மூடிகளை எறியாமல் தனியாகச் சேர்த்து வையுங்கள். இந்த இழையில் அவைதான் மூலப்பொருள்.

பதிவு 2 | பசைநீக்கி

லேபிளில் ஆரம்பிக்க வேண்டும், அதில்தான் பலரும் சலித்துப் போகிறார்கள். பசை எந்த வகை என்று பார்க்காமல் சுரண்டுவதால் வரும் சலிப்பு அது.

காகித லேபிளின் ஒரு முனையை நனைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மூலை எழுந்தால் நீரில் கரையும் பசை. ஒரு வாளி வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு அரை மணி நேரம் மூழ்கவிட்டால் லேபிள் முழுதாக மிதந்து வரும்.

எழாவிட்டால் அது ஒட்டுப்பட்டையில் இருப்பதைப் போன்ற பசை. அதற்குத் தண்ணீர் உதவாது. உலர்ந்த ஜாடியில் ஹேர் டிரையரின் சூட்டை ஒரு நிமிடம் காட்டி, ஒரு மூலையிலிருந்து லேபிளைத் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக உரியுங்கள். வேகமாக இழுத்தால் காகிதம் மட்டும் வந்து பசை தங்கிவிடும். தங்கிய பசைக்குச் சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவில் குழைத்துத் தடவி 20 நிமிடம் விடுங்கள். எண்ணெய் பசைக்குள் இறங்கி அதை இளக்கும், சோடா நைசான தேய்ப்பானாக உதவும். பழைய துணியால் வட்டமாகத் தேய்த்து எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெயைப் போக்குங்கள்.

அடியிலோ மூடியிலோ அச்சிட்ட தேதி அசிட்டோன் தொட்ட பஞ்சில் போய்விடும். பிளாஸ்டிக் மூடியில் மட்டும் அசிட்டோன் படக் கூடாது, சிலவகைப் பிளாஸ்டிக் அதில் இளகி வெண்மையாகிவிடும்.

இரும்பு நார் வேண்டாம். அது போடும் நுண்கீறல்கள் உடனே தெரியாது. ஆனால் கண்ணாடியின் உறுதியைக் குறைப்பது மேற்பரப்புக் கீறல்தான். உடைப்பு எப்போதும் ஒரு கீறலிலிருந்துதான் கிளம்புகிறது.

பதிவு 3 | தகரக்கை

வாடை பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடலாம். கண்ணாடியில் வாடை தங்குவதில்லை, அது மூடியின் உள்ளே ஓடும் ரப்பர் போன்ற வளையத்தில் தங்குகிறது. ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் மூடி போட்டதும் மணம் திரும்புவது அதனால். மூடியைத் தனியே இரண்டு நாள் வெயிலில் மல்லாத்தி வையுங்கள். போகாவிட்டால் மல்லாத்திய மூடியில் சமையல் சோடாவை நிரப்பி ஓர் இரவு விடலாம். அதற்கும் அசையாத மூடியைத் திருகு, பொத்தான், ஊசி வைக்கும் ஜாடிக்கு ஒதுக்குங்கள். வளையத்தைக் கத்தியால் பெயர்த்துவிட்டால் மூடி கசியும், இறுக்கமும் போய்விடும்.

பதிவு 4 | தகரக்கை

இப்போது நேராக விஷயத்துக்கு: திரவச் சோப்பு ஜாடி. இணையத்தில் பரவியிருக்கும் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மூடியில் துளை போட்டு, பம்பைச் செருகி, சுற்றிலும் பசை வைக்கச் சொல்கிறார்கள். பம்பு பாலிபுரொப்பிலீன் அல்லது அதைப் போன்ற பிளாஸ்டிக். அதில் எபாக்சிப் பசை பிடிக்காது. சில வாரத்தில் பசை வளையம் அப்படியே கழன்று பம்பு ஆடும். தவிர, பசை வைத்துவிட்டால் பம்பைக் கழற்றவும் முடியாது.

பசையே இல்லாமல் செய்யும் வழி இது. தேவையானவை: 400 முதல் 500 மி.லி. ஜாடி, அதன் தகர மூடி, தீர்ந்துபோன பழைய சோப்பு பாட்டில் பம்புடன், மோட்டார் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு. எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

பழைய பாட்டிலின் கழுத்தை மட்டும் அறுத்தெடுங்கள். மரைக்குக் கீழே தோள் தொடங்குகிற இடத்தில் சுற்றிலும் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு விளிம்பு நிற்கும்படி கத்தரியால் வெட்டுங்கள். பார்ப்பதற்கு ஒரு சின்னத் தொப்பி போல இருக்கும்: நடுவில் மரையுள்ள குழாய், கீழே தட்டையான விளிம்பு. மூடியின் நடுவில் அந்த மரை நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். இத்தகைய பம்புகளில் 28 மி.மீ. கழுத்து பரவலானது. ஆனாலும் உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். துளை கழுத்தை விட அரை மி.மீ. மட்டும் அதிகம் இருக்கட்டும்.

தொப்பியை மூடியின் உள்பக்கத்திலிருந்து மேலே செருகுங்கள். விளிம்பு மூடியின் அடியில் தட்டி நிற்கும். டியூபில் வெட்டிய வாஷரை மேலே போட்டு, பம்பை அதன் சொந்த மரையிலேயே இறுக்குங்கள். மேலே பம்பின் வளையம், கீழே பிளாஸ்டிக் விளிம்பு, நடுவே தகரம். மூன்றும் கவ்விக்கொள்ளும். தகரம் மெல்லியது, கழுத்து நீளமாக இருந்தால் பம்பு மரையின் கடைசியில் முட்டி நின்றுவிடும், மூடி தளர்வாக ஆடும். அப்போது இன்னொரு ரப்பர் வாஷர் சேருங்கள். இரண்டு போட்டும் ஆடினால் விளிம்பு வளைந்திருக்கிறது, மறுபடி வெட்டிக்கொள்வது நல்லது.

உறிஞ்சுகுழாயை ஜாடியின் பக்கவாட்டில் பிடித்து, அடிக்கு 5 மி.மீ. மேலே வருமாறு சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் முனை அடித்தட்டில் ஒட்டி உறிஞ்சாமல் நிற்கும். பம்பை அழுத்தினால் மேலே வராமல் தங்கிவிடுவதற்குச் சோப்பு கெட்டியாக இருப்பதும் காரணம். கொஞ்சம் வெந்நீர் கலந்து, குலுக்காமல் கரண்டியால் கலக்கி விடுங்கள்.

பதிவு 5 | குளியலறைத்தேடல்

தகரக்கை சார், கழுவுதொட்டி ஓரத்தில் வைத்தால் மூடி துருப்பிடிக்காதா? கடையில் வாங்கும் ஜாடி மூடிக்கு அது வருவதில்லையே?

பதிவு 6 | தகரக்கை

வெட்டாத மூடிக்கு வராததற்குக் காரணம் இருக்கிறது. அது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு, மேலே அரக்குப் பூச்சும் உண்டு. துளை போட்டதும் அந்த வெட்டு விளிம்பில் வெறும் இரும்பு வெளியே வந்துவிடுகிறது. சோப்புநீர் அங்கே தேங்கினால் ஆரஞ்சு நிறக் கோடு ஒன்று சுற்றிலும் எழும். பிறகு அது பூச்சுக்கு அடியில் ஊர்ந்து கொப்புளமாகும்.

துளையின் பிசிரை வட்ட அரத்தால் எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை. முதல் தடவை முழுவதும் காய்ந்த பின்தான் இரண்டாவது. மேலே சொன்ன கவ்வும் முறையில் ரப்பர் வாஷரும் வெட்டு விளிம்பை மறைப்பதால் துரு இன்னும் தாமதமாகும். ஈரம் நிற்காத இடமே கிடையாது என்றால் பிளாஸ்டிக் மூடியுள்ள ஜாடியைத் தேர்ந்தெடுங்கள், பேச்சே இல்லை. சிலிக்கோன் வைக்கிறவர்கள் கவனிக்க: காயும்போது வினிகர் வாடை வீசுகிற சிலிக்கோன் தகரத்தை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை வகையே ஏற்றது.

ஜாடியின் அடிக்கு டியூபிலிருந்து 2 செ.மீ. அகலத்தில் ஒரு வளையம் வெட்டி மாட்டிவிடுங்கள். ஈரக் கைக்கு வழுக்காது, கல் மேடையில் இடித்தாலும் முதல் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

பதிவு 7 | அலமாரிக்காரர்

இடம் குறைவான வீட்டுக்கு மிக உதவும் ஒன்று: அலமாரித் தட்டின் அடியில் மூடியைத் திருகி, ஜாடியைக் கீழிருந்து மாட்டுவது. பார்க்க எளிது, ஆனால் மூன்று இடத்தில் தவறுகிறார்கள்.

ஒரே திருகு போட்டால், ஜாடியைத் திறக்கும்போது மூடியும் கூடவே சுழலும். கொஞ்ச நாளில் திருகு தளர்ந்து ஜாடி தலைகீழாகக் கையில் வரும். குறைந்தது இரண்டு திருகு, நடுவிலிருந்து 15 மி.மீ. தள்ளி எதிரெதிரே. அடுத்து, திருகின் நீளம். 18 மி.மீ. பலகைக்கு 14 முதல் 16 மி.மீ. நீளம் சரி. அதற்கு மேல் போனால் முனை மேல்தட்டில் எட்டிப் பார்க்கும். கூம்புத்தலைத் திருகு தகரத்தைக் குழித்துக் கிழிக்கும், எனவே தட்டைத்தலைத் திருகுடன் வாஷரும் சேருங்கள். துளையை மூடியின் தட்டையான நடுப்பகுதியில் மட்டும் போடுங்கள். ஓரத்து ரப்பர் வளையத்தில் துளை விழுந்தால் அந்த மூடி இறுகாது.

எடையையும் கணக்கிடுங்கள். 500 மி.லி. ஜாடியின் கண்ணாடியே கால் கிலோ அளவுக்கு வரும். உள்ளே இரும்புத் திருகுகளை நிரப்பினால் மொத்தம் இரண்டு கிலோவையும் தாண்டலாம். அந்த எடை முழுவதும் நான்கு காதுகளில் தொங்கும். கனமான சாமானுக்கு முழுச்சுற்று மரை மூடியோடு 200 மி.லி.க்குள் உள்ள சிறு ஜாடி எடுங்கள். மரத்தூள் அட்டைப் பலகையாக இருந்தால் அதில் திருகு கனத்துக்குத் தாங்காது. பொத்தான், நூல் போன்ற லேசான பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படுக்கைக்கு மேலேயும் அடுப்புக்கு மேலேயும் வேண்டவே வேண்டாம்.

பதிவு 8 | நூல்கண்டு

இதற்கு மாற்றாகச் சுவரில் மாட்டும் முறையும் உண்டு. பல்துலக்கி, தூரிகை, பேனா வைக்க நல்லது. ஒரு பலகை, ஜாடிக்கு ஒன்றாக ஹோஸ் கிளிப் (ரப்பர் குழாயை இறுக்கும் திருகு வைத்த எஃகுப் பட்டை வளையம்). கிளிப்பை முழுவதும் விரித்து, அதன் பட்டையில் ஒரு துளை போட்டு, பலகையில் ஒரு திருகால் முதலில் பொருத்திவிட வேண்டும். ஜாடியின் கழுத்தில் இரண்டு சுற்று டியூப் பட்டை சுற்றி, கிளிப்புக்குள் நிறுத்தி, திருப்புளியால் இறுக்கவும். கையால் திருப்பினால் ஜாடி சுழலவில்லை என்றால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். ரப்பர் இல்லாமல் எஃகுப் பட்டை நேராகக் கண்ணாடியில் அழுத்தினால் அச்சுத்திருகு இருக்கும் புள்ளியில் மொத்த விசையும் விழும். அன்று தாங்கும், அடுத்த தட்டலில் கீறிவிடும்.

பதிவு 9 | வைரமுனை

மூடித்திருகி அவர்களே, உங்கள் கருத்தோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. மேசை விளக்குக்குக் கம்பி வெளியே வரவும், செடித்தொட்டிக்கு நீர் வடியவும் கண்ணாடியில் துளை வேண்டியிருக்கும். முறை தெரிந்து செய்தால் உடையாது. எழுதுகிறேன்.

சாதாரண உலோகப் பிட் (டிரில்லின் துளையிடும் முனை) வேண்டாம். சுவருக்குரிய பிட்டும் வேண்டாம், அது கண்ணாடியைத் தேய்க்காமல் இடிக்கும். நடுவில் குழிந்த வைரத்தூள் பூசிய குழாய்ப் பிட்தான். 10 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 600 சுற்று அளவில், சுத்தியல் முறை அணைத்திருக்க வேண்டும். நீர் புழங்குவதால் பேட்டரி டிரில் மட்டுமே. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை, தடித்த துண்டின் மேல் ஜாடி.

குறியிட்ட இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு சிறு வரப்புக் கட்டி அதில் நீர் நிறுத்துங்கள். பிட்டை 45 டிகிரி சாய்த்துத் தொடங்கினால் கண்ணாடியில் பிறை வடிவப் பள்ளம் ஒன்று விழும். அது பிட்டுக்குப் பிடிமானம். மெதுவாக நிமிர்த்துங்கள். டிரில்லின் சொந்த எடையே போதும், நீங்கள் அழுத்த வேண்டாம். நீர் பால் போல வெளுத்தால் வேலை நடக்கிறது என்று பொருள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பிட்டைத் தூக்கி, நீரை மாற்றுங்கள். 3 மி.மீ. கனத்துக்கு மூன்று நான்கு நிமிடமாவது எடுக்கும்.

பெரும்பாலும் உடைவது கடைசி அரை மி.மீ.யில்தான். சத்தம் மாறும், கரகரப்பு மெலிந்து கூர்மையாகும். அந்த நொடியில் டிரில்லை நீங்கள் தாங்கிப் பிடித்து எடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மீதித் தகடு தேய்ந்து முடியாமல் உள்பக்கம் கிளிஞ்சல் போலப் பெயரும். துளை அடித்தட்டின் நடுவிலோ பக்கத்தின் நடுவிலோ இருக்கட்டும். வளைவுகளில் கனம் சீராக இராது, உள்ளழுத்தமும் அங்கேதான் அதிகம்.

பதிவு 10 | மூடித்திருகி

வைரமுனை அவர்கள் எழுதியது அப்படியே ஏற்கத்தக்கது. நிமிர்த்திய ஜாடியில் நீர் வடிய வேண்டுமென்றால் அடியில் துளை தவிர வழியில்லை. கம்பிக்கு மட்டும் மூடியிலேயே துளையிட்டு ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) ஒன்றைப் பொருத்தலாம் என்பேன். தகர விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிடாமல் அது காக்கும். மின்கம்பி தகரத்தைத் தொட்டு ஓடுவதால் பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தை இதில் கொண்டுவர வேண்டாம்.

பதிவு 11 | புதுக்கை

ஜாடியை நடுவில் அறுக்க, நூலை அசிட்டோனில் நனைத்துக் கொளுத்திக் குளிர்ந்த நீரில் முக்கச் சொல்கிறார்கள். இது நம்பகமானதா?

பதிவு 12 | வைரமுனை

இல்லை. முதலில் பாதுகாப்பு: அசிட்டோன் ஆவி தீப்பற்றும், சொட்டிய துளி மேசையோடு எரியும். இரண்டாவது, நூல் சுற்றிலும் ஒரே சூட்டைத் தராது. முடிச்சுப் பக்கம் அதிகம் எரியும். விரிசல் எங்கே தோன்றுகிறதோ அங்கிருந்து அலைந்து திரிந்து வரும்.

அறுக்கத்தான் வேண்டுமென்றால் கண்ணாடிவெட்டுச் சக்கரத்தை ஒரு தாங்கியில் பொருத்தி, ஜாடியைச் சுழற்றி, தொடங்கிய இடத்திலேயே முடியும் ஒரே கோடு போடுங்கள். ஒரே ஒரு முறைதான். மேலே மறுபடி ஓட்டினால் கோடு இரட்டித்து விரிசல் கிளைவிடும். பிறகு அந்தக் கோட்டின் மேல் சூடான நீரை மெல்லிய தாரையாக ஊற்றிச் சுழற்றுங்கள், அடுத்து குழாய்நீர், மறுபடி சூடு. மூன்று நான்கு மாற்றத்தில் மெலிதாக ஒரு ‘டிக்’ கேட்டு இரண்டாகும். எழுத்துப் புடைத்த ஜாடி, பட்டைமுகம் கொண்ட ஜாடி இதற்கு ஆகாது.

விளிம்பை வாட்டர் பேப்பரில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 80, 120, 220, 400 என்ற எண் வரிசையில், எப்போதும் ஈரத்தில் தேயுங்கள். உலர்ந்து தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும். வெளியோரம் மட்டுமின்றி உள்ளோரத்தையும் 45 டிகிரி சாய்வில் தேய்த்துக் கூர்மையைப் போக்குங்கள். உதடு படும் குவளைக்கு இந்த விளிம்பை நம்புவதில்லை, பேனாத்தாங்கி வரை சரி.

பதிவு 13 | திரிவிளக்கு

மின்வெட்டுக்கு எண்ணெய் விளக்கு செய்கிறவர்கள் மூடியில் துளையிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவதைப் பார்த்தால் பயமாயிருக்கிறது. ஜாடி விழுந்தால் தீ பரவும். பெட்ரோல், ஸ்பிரிட் பற்றிப் பேசவே வேண்டாம். தாவர எண்ணெய்தான் ஏற்றது. தீப்பற்றும் வெப்பநிலை மிக அதிகம், கவிழ்ந்தால் பெரும்பாலும் சுடர் அணைந்துவிடும்.

வாயகன்ற, குறைந்தது 7 செ.மீ. விட்டமுள்ள ஜாடியில் பாதிக்கு நீர், அதன் மேல் 1.5 செ.மீ. எண்ணெய். கார்க்கில் 8 மி.மீ. கனத்துக்கு ஒரு வில்லை வெட்டி நடுவில் துளையிட்டு, மேலே மெல்லிய தகர வில்லை பொருத்தி, 3 மி.மீ. பருத்தித்திரி. சுடர்ப்பக்கம் 5 மி.மீ. மட்டும் நீளட்டும், அதிகமானால் புகையும். தாவர எண்ணெய் பிசுபிசுப்பானது, திரியில் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் ஏறாது. மூடியில் உயரமாகத் திரி வைத்தவர்களுக்கு விளக்கு சில நிமிடத்தில் கருகி அணைவது அதனால்தான். மிதவை எண்ணெயோடு சேர்ந்தே இறங்கும், எண்ணெய் தீர்ந்ததும் நீர் திரியை அணைத்துவிடும். எரியும்போது மூடி போடாதீர்கள், தனியே விட்டுப் போகாதீர்கள்.

மெழுகு ஊற்றுகிறவர்கள் கழுத்து குறுகிய ஜாடியை விடுங்கள். சுடரின் சூடு முழுவதும் தோளில் குவிந்து அங்கேயே விரிசல் விடும். அடியில் 12 மி.மீ. மெழுகு மிஞ்சும்போது அணைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே எரிந்தால் அடித்தட்டுக்கு நேரடிச் சூடு.

பதிவு 14 | பச்சைவிரல்

செடிக்கு: ஜாடியை நீர்த்தேக்கமாக வைத்து மேலே தொட்டியை உட்கார வைக்கும் முறைக்குக் கண்ணாடியைத் தொட வேண்டாம். தொட்டியின் அடித்துளை வழியே 5 மி.மீ. நைலான் அல்லது பாலியஸ்டர் கயிறு. பாதி மண்ணுக்குள், பாதி நீருக்குள். பருத்திக் கயிறு சில மாதத்தில் அழுகி அறுந்துவிடும். கயிற்றை முன்பே ஊறவைத்து, முதல் நாள் மேலிருந்தும் ஒருமுறை நீர் விடுங்கள். உலர்ந்த கயிறு தானாக இழுக்கத் தொடங்காது, பலர் ‘இது வேலை செய்யவில்லை’ என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். நீர்மட்டத்துக்கும் தொட்டி அடிக்கும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம்.

வெளிச்சம் பட்டால் ஜாடிக்குள் பாசி படரும். வெளிப்புறம் கறுப்புக் காகிதம் சுற்றி, மட்டம் பார்க்க ஒரு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். வாய்க்கும் தொட்டிக்கும் நடுவே சந்து இருந்தால் கொசு முட்டையிடும். வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். சந்தைத் துணிவலையால் அடைக்க வேண்டும், அல்லது ஐந்து நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும்.

பதிவு 15 | வர்ணத்தூரிகை

பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். தூரிகை கழுவும் ஜாடியில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், வளைத்துக் குட்டைக் கால் வைத்த கம்பிவலையை இறக்குங்கள். தூரிகையை வலையில் தேய்த்தால் வண்ணம் கீழே படியும், மேல்நீர் தெளிவாகவே இருக்கும். மேல்நீரை இறுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

ஜாடியின் மேல் வண்ணம் தீட்டுவதற்குக் கண்ணாடிக்குரிய அக்ரிலிக் எனாமல். தீட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுக் கைரேகை படாமல் பிடியுங்கள், ரேகை இருந்த இடத்தில்தான் முதலில் உரியும். காற்றில் உலர 21 நாள் விட வேண்டும். அல்லது குளிர்ந்த ஓவனில் வைத்து 175 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி 30 நிமிடம், பிறகு ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். சூடான ஓவனுக்குள் ஜாடியை நுழைத்தால் முதல் பதிவில் சொன்ன கதிதான். வண்ணம் வெளிப்புறத்துக்கு மட்டும்.

கண்ணாடியை மங்கலாக்கும் அரிப்புக் களிம்பை வீட்டில் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அதில் புளோரைடு உப்புகள் உண்டு, தோலில் பட்டால் வலி தெரிவதற்குள்ளேயே உள்ளே இறங்கும் தன்மையது. 220 வாட்டர் பேப்பரை நனைத்துச் சிறு வட்டங்களாக ஐந்து நிமிடம் தேய்த்தால் அதே மங்கல் கிடைக்கும். தேய்த்த ஜாடி கொஞ்சம் பலம் குறையும், எனவே விளக்குக்கு வேண்டாம், பூங்கொத்துக்கு வையுங்கள்.

பதிவு 16 | குளிர்பெட்டி

உறைபெட்டியில் வைப்பவர்களுக்காக இரண்டே வரி. நீர் உறையும்போது கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும். தோள் குறுகிய ஜாடி உடையும், நேர்ச்சுவர் ஜாடியில் மேலே 2.5 செ.மீ. காலி விட்டு, உறைந்த பிறகே மூடியை இறுக்குங்கள்.

பதிவு 17 | புதுக்கை

டிரில்லே இல்லாதவர்கள் தகரக்கை சார் சொன்ன 28 மி.மீ. துளையை மூடியில் எப்படிப் போடுவது? ஆணியால் குத்திப் பார்த்தால் மூடி முழுவதும் குழிந்து ஜாடியில் உட்கார மறுக்கிறது.

பதிவு 18 | தகரக்கை

குழிவதற்குக் காரணம், மூடிக்கு அடியில் தாங்கல் இல்லாதது. மூடியின் உள்ளே கச்சிதமாக உட்காரும் அளவுக்கு ஒரு மரத்துண்டு வேண்டும். அதன் மேல் மூடியைக் கவிழ்த்து வைத்தால் தகரம் முழுவதும் மரத்தில் படிந்து நிற்கும். மரத்துண்டு மூடியின் ஓரத்தை விட உயரமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஓரம் மேசையில் முட்டித் தகரம் அந்தரத்தில் நிற்கும்.

கவராயத்தால் 28 மி.மீ. வட்டம் வரையுங்கள். அதற்குள்ளே 26 மி.மீ.யில் இன்னொரு வட்டம். உள்வட்டத்தின் மேல் 3 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. ஆணியால் வரிசையாகக் குத்துங்கள். சுமார் 27 துளை வரும். ஒன்றுக்கு ஒரே அடி, ஆணி மரத்தில் இரண்டு மி.மீ. இறங்கினால் போதும். வெளிப்பக்கத்திலிருந்து குத்துவதால் பிசிர் உள்பக்கம் போகும். துளைகளுக்கு நடுவே மிஞ்சும் பாலங்களைச் சிறிய உளியால் வெட்டினால் வில்லை கழன்றுவிடும். இப்போது விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும், வெறும் விரலை உள்ளே விடாதீர்கள். அரைவட்ட அரத்தை வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் ஓட்டி, 28 வட்டம் வரை தேயுங்கள். இரு திசையிலும் ஓட்டினால் தகரம் அதிர்ந்து கிழியும். கடைசியில் 220 தாளைப் பென்சிலில் சுற்றி உள்விளிம்பை ஒரு சுற்று. கழுத்துத் தொப்பியை அவ்வப்போது செருகிப் பார்த்துக்கொண்டே தேயுங்கள். அழுத்தினால் நுழைகிற அளவு வந்ததும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, நகப்பூச்சை எடுங்கள்.